கணக்காய்வு மேசையிலிருந்து குவாண்ட் நிறுவனத்துக்கு: கோண்டாவில் வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு வயது 26. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி முடித்துவிட்டு, யாழ் நகரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சி.ஏ.யில் கடைசி மட்டப் பாடங்கள் மிச்சம். இரவில் யூடியூப் பார்த்துப் பைதன் நிரல்மொழி படிக்கிறேன். போன மாதம் லிங்க்ட்இன்னில் ஒரு ஆட்சேர்ப்பாளர் செய்தி அனுப்பினார். வெளிநாட்டுக் குவாண்ட் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அடிப்படைப் பகுப்பாய்வு ஆய்வாளர்கள் தேவையாம். குவாண்ட் என்றால் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்கள் கணினியை வைத்துப் பங்கு வாங்கி விற்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே கணக்கியல் படித்தவளுக்கு என்ன வேலை? என் கணிதம் காணுமா? சி.ஏ.யை நிறுத்திவிட்டு நிதிக் கணிதத்தில் முதுமாணி செய்யலாமா? அம்மா வங்கி வேலைக்குப் போகச் சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன், "முதலில் இங்கே வா, பிறகு பார்ப்போம்" என்கிறார்.
– கோண்டாவில் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சி.ஏ.யை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லாவிட்டால், என் பதிலைப் படித்து முடிக்குமுன் நீங்கள் எங்கேயாவது விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் தொடங்கியவன். இப்போது லண்டனில், கணினி வழியாக முதலீட்டு முடிவு எடுக்கும் ஒரு நிதியத்தில் கொம்பனிக் கணக்குகளைப் படிப்பதுதான் என் வேலை. ஆகவே உங்களுக்கு வந்த செய்தி எந்த மாதிரி வேலையைச் சொல்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

குவாண்ட் பற்றி நீங்கள் நினைத்திருந்தது பாதி சரி. ஜிம் சைமன்ஸ் என்ற கணித அறிஞர் 1982இல் தொடங்கிய ரெனைசான்ஸ் டெக்னொலொஜிஸ், நிதித்துறையில் ஊறியவர்களைத் தேடிப் போகவில்லை. கணிதம், பௌதிகம், கணினி படித்தவர்களைத்தான் எடுத்தது. விலை அசைவுகளுக்குள் ஒழுங்கு தேடுகிற வேலை அது. கொம்பனி சீமெந்து விற்கிறதா, சவர்க்காரம் விற்கிறதா என்பது அங்கே இரண்டாம் பட்சம். ஆனால் குவாண்ட் என்ற கூரைக்குக் கீழே வேறு ஆட்களும் இருக்கிறார்கள். 1998இல் ஏ.கியூ.ஆர். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளிஃப் அஸ்னஸ், சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிதிப் பேராசிரியர் யூஜின் ஃபாமாவிடம் ஆய்வு செய்தவர். அதே ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1990களின் தொடக்கத்தில், ஏட்டுப் பெறுமதியோடு (சொத்திலிருந்து கடனைக் கழித்தால் கணக்கேட்டில் நிற்கும் தொகை) ஒப்பிடும்போது மலிவாக இருக்கும் பங்குகள் நீண்ட காலத்தில் அதிக ஆதாயம் தந்திருப்பதைக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த நிறுவனங்களின் கணினிக்குள் போவதில் பெரும் பங்கு நீங்கள் தினமும் டிக் போடும் அதே ஐந்தொகையும் வருமானக் கூற்றும்தான். கணினி விஞ்ஞானி டேவிட் ஷோ 1988இல் தொடங்கிய டி. ஈ. ஷோ நிறுவனமோ இரண்டையும் ஒரே வீட்டில் செய்கிறது: ஒரு பக்கம் கணினி முடிவெடுக்கும் உத்திகள், இன்னொரு பக்கம் கொம்பனிகளைப் படித்து மனிதர்கள் முடிவெடுக்கும் குழுக்கள். அதற்கு ஹைதராபாத்தில் பெரிய அலுவலகம் இருக்கிறது.

ஆகவே "குவாண்ட் நிறுவனத்தில் அடிப்படைப் பகுப்பாய்வு" என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது, ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதிலுள்ள இருபது முப்பது கொம்பனிகளை ஆழமாகப் படிக்கும் ஆய்வாளர் வேலை. தரகு நிறுவனத்தில் செய்வது போலத்தான். பக்கத்து மேசையில் தரவு விஞ்ஞானிகள் இருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது, கணக்கியல் அறிவைக் கொண்டு ஆயிரக்கணக்கான கொம்பனிகளுக்கு ஒரே நேரத்தில் பொருந்தக்கூடிய ஒரு விதியை உருவாக்கி, அதைப் பழைய தரவில் சோதிப்பது. அந்த விதியைத் தொழிலில் சிக்னல் என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கணக்கை ரிச்சர்ட் கிரினோல்ட் 1989இல் ஒரு சின்னச் சூத்திரமாக எழுதினார். உங்கள் கணிப்பின் திறமையை (கணிப்பு நடந்ததோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு), ஒன்றையொன்று சாராத முடிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். எடுத்த ஆபத்துக்கு எவ்வளவு ஆதாயம் கிடைக்கும் என்பதன் அளவு அதுதான். 25 கொம்பனிகளைக் கரைத்துக் குடித்தவரின் திறமை 0.2 என்று வைத்தால், 0.2 தர 5, விடை 1. மேலோட்டமான ஒரு விதியை 400 கொம்பனிகளில் போடுபவரின் திறமை 0.05 மட்டுமே. ஆனால் 400இன் வர்க்கமூலம் 20. அவருக்கும் விடை 1. திறமை 0.05 என்றால் ஏறுமா இறங்குமா என்பதில் நூறுக்கு 52, 53 தடவை சரியாக இருப்பது. பல்கலைக்கழகச் சோதனையில் 52 எடுத்தால் அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். இங்கே அதை வருடக்கணக்கில் பிசகாமல் எடுப்பவருக்குத்தான் பெரிய சம்பளம். (ஒரே துறைப் பங்குகள் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் அந்த 400 உண்மையில் 400 அல்ல என்பது வேறு பிரச்சினை. நேர்முகத்தில் இந்தச் சூத்திரத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.)

சரி, கணக்கியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டீர்கள். ஒரு சிக்னலைக் கையிலெடுத்துப் பார்ப்போம்.

கஸ்தூரியார் வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை என்று வையுங்கள். போன வருடம் இலாபம் 50 இலட்சம், தொழிற்பாட்டிலிருந்து கைக்கு வந்த காசு 48 இலட்சம். இந்த வருடம் இலாபம் 80 இலட்சம், வந்த காசு 12 இலட்சம். முதலாளி சந்தோசமாக இருக்கிறார். கணக்காய்வுக்குப் போன நீங்கள் கடன்பட்டோர் பட்டியலைப் புரட்டினால், கட்டட வேலைக்காரர்களுக்குக் கடனுக்கு அள்ளிக் கொடுத்திருப்பது தெரியும். சொத்து மொத்தமாக 4 கோடி என்றால், காசாக மாறாத இலாபம் போன வருடம் சொத்தில் அரை வீதம், இந்த வருடம் 17 வீதம். உங்களுக்கு இது அட்டுறு. கணக்கியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்லோன் 1996இல் இதைத்தான் ஏராளமான அமெரிக்கக் கொம்பனிகளுக்குச் செய்து பார்த்தார். இலாபத்தில் அட்டுறுப் பங்கு, காசுப் பங்கை விடக் குறைவாகவே அடுத்த வருடத்துக்கு நிலைக்கிறது. சந்தையோ இரண்டையும் ஒன்றாகவே மதிப்பிட்டிருந்தது. காசு நிறைந்த இலாபம் உள்ளவற்றை வாங்கி, காசில்லா இலாபம் உள்ளவற்றை விற்றிருந்தால் முதல் வருடத்தில் கிடைத்திருக்கும் வித்தியாசம் 10 வீதத்தை ஒட்டியது.

இவ்வளவையும் பைதன் தெரிந்த எந்தப் பெடியனும் ஒரு பின்னேரத்தில் எழுதிவிடுவான். இலாபத்திலிருந்து காசுப் பாய்ச்சலைக் கழி, சராசரிச் சொத்தால் பிரி, வரிசைப்படுத்து. எழுதியவுடன் பிழைக்கவும் தொடங்கும், ஏனென்றால் அந்த மூன்று எண்களுக்கும் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது.

முதலில் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும். அவற்றுக்குக் கடன் கொடுப்பதே தொழில் என்பதால் அவற்றின் காசுப் பாய்ச்சல் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது. வெளியே எடுத்துவிட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது.

2019க்கு வாருங்கள். அந்த வருடம் ஜனவரி முதல் குத்தகை பற்றிய புதிய நியமம், ஐ.எஃப்.ஆர்.எஸ். 16, நடைமுறைக்கு வந்தது. கட்டடங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் ஒரு சூப்பர் மார்க்கட் கொம்பனியை எடுங்கள். முன்பு வாடகை நேரே செலவாகப் போனது. புதிய நியமத்தின் கீழ் வாடகை மறைந்து, பெறுமானத் தேய்வும் வட்டியுமாக இரண்டாக உடைந்தது. ஐந்தொகையில் பெரிய சொத்தும் பெரிய கடனும் முளைத்தன. கடன் விகிதத்தைப் பார்க்கும் கணினி "இந்தக் கொம்பனி கடனில் மூழ்குகிறது" என்று சொல்லும். இதைப் பலர் கவனித்திருப்பார்கள். குறைவாகக் கவனிக்கப்படுவது காசுப் பாய்ச்சல் கூற்றில் இருக்கிறது: கொடுக்கும் வாடகையில் கடனின் அசலைத் தீர்க்கும் பகுதி தொழிற்பாட்டிலிருந்து நிதியளித்தல் பகுதிக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே தொழிற்பாட்டுக் காசு கூடித் தெரியும், அட்டுறு குறைந்து தெரியும். நம்முடைய சிக்னல் அந்த வருடம் சூப்பர் மார்க்கட்டுகளையும் வாடகைக் கடை நடத்தும் எல்லாரையும் "நல்ல இலாபக்காரர்" என்று மேலே தூக்கிவிடும். கல்லாப் பெட்டியில் ஒரு ரூபா கூட அதிகம் விழவில்லை. இன்னும் ஒரு சிக்கல்: அமெரிக்க நியமத்தில் தொழிற்பாட்டுக் குத்தகைக்கான கொடுப்பனவு தொழிற்பாட்டுப் பகுதியிலேயே இருக்கிறது. லண்டன் கொம்பனியையும் நியூயோர்க் கொம்பனியையும் ஒரே வரிசையில் வைத்தால் வரிசையே பிழை.

அடுத்தது நமது நாட்டுக் கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர், ரூபாவை மிதக்க விட்ட பிறகு மாத முடிவில் 300ஐ நெருங்கியது. இங்கே பல கொம்பனிகளின் நிதியாண்டு முடிவதும் மார்ச் 31. வங்கியில் பத்து இலட்சம் டொலர் வைத்திருந்த ஏற்றுமதிக் கொம்பனிக்கு அந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ ஒன்பது கோடி ரூபா நாணயமாற்று இலாபம் ஏட்டில் விழுந்திருக்கும்; டொலரில் கடன் எடுத்தவருக்கு அதே அளவு நட்டம். இரண்டுமே விற்பனையாலோ கடன் வசூலாலோ வந்ததல்ல. இலாப வளர்ச்சியைத் தேடும் சிக்னல் முதலாவதைக் கொண்டாடும், அட்டுறுச் சிக்னல் அதையே சந்தேகிக்கும். இரண்டும் பிழையான காரணத்துக்காக. இந்தத் தொகையைப் பிரித்தெடுத்து ஒதுக்க வேண்டும், அது எந்தக் குறிப்பில், எந்த வரியில் இருக்கும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கணிதக் கலாநிதிக்கு அது தெரியாது. கடைசி மட்ட சி.ஏ. மாணவிக்குத் தெரியும்.

நீங்கள் சி.ஏ.யை விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். கணிதத்திலும் நிரலெழுத்திலும் உங்களை விடக் கெட்டிக்காரர் நிறைய வருவார்கள். முதுமாணி செய்தாலும் அந்த வரிசையில் பின்னுக்குத்தான் நிற்பீர்கள். கணக்குக் குறிப்புகளைக் கண் கூசாமல் வாசிக்கத் தெரிந்து, அதைச் சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றவும் தெரிந்தவர்கள் குறைவு. அந்த வரிசையில் உங்களுக்கு முன்னுக்கு இடம் இருக்கிறது.

இப்போது கணிதம். டெரிவேட்டிவ் (பங்கு போன்ற வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தம்) விலை நிர்ணயத்துக்கு வேண்டிய உயர் நுண்கணிதத்தை இந்த வேலையில் யாரும் கேட்பதில்லை. நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணிப்பது), அதற்கு வேண்டிய அளவு அணிகள் (மெட்ரிக்ஸ்). இதை ஆழமாகப் படியுங்கள்; ஆழம் என்றால் சூத்திரத்தை ஒப்புவிப்பதல்ல, எப்போது அது பொய் சொல்லும் என்று தெரிந்திருப்பது. ஒன்றுக்கும் உதவாத 20 சிக்னல்களைச் சோதித்தால், 5 வீத மட்டத்தில் (தற்செயலாக அப்படி வர 5 வீத வாய்ப்பே உள்ள அளவுகோலில்) சராசரியாக ஒன்று "வேலை செய்கிறது" என்று வரும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஹார்வி, லியூ, ஸூ மூவரும் 2016இல் வெளியான ஆய்வில் இப்படி முன்வைக்கப்பட்ட 316 காரணிகளைத் திரட்டி, புதிதாக ஒன்றைச் சொல்ல வருபவருக்கு டி பெறுமதி (முடிவு தற்செயலானதல்ல என்பதை அளக்கும் எண்) 2 காணாது, 3க்கு மேல் வேண்டும் என்றார்கள். அதே வருடம் மக்லீனும் பொன்டிஃபும் 97 சிக்னல்களை எடுத்து, ஆய்வுக் கட்டுரை வெளிவந்த பிறகு அவற்றின் ஆதாயம் 58 வீதம் குறைந்ததாகக் காட்டினார்கள். ஸ்லோனின் 10 வீதம் இன்றும் அப்படியே காத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஏமாற்றும் இன்னொரு இடம் திகதி. கணக்காய்வில் இருக்கும் உங்களுக்கு இது சொல்லாமலே புரியும். மார்ச் 31 என்று தலைப்பிட்ட கணக்கு மார்ச் 31 அன்று யாருக்கும் தெரியாது. கொழும்புப் பங்குச் சந்தையில் இடைக்கால நிதிக் கூற்றுக்குக் காலாண்டு முடிந்து 45 நாட்கள் வரை, கடைசிக் காலாண்டுக்கு இரண்டு மாதம் வரை அவகாசம். ஆண்டறிக்கை அதற்கும் பிந்தியது. தரவுக் கோப்பில் "31.03" என்று கிடப்பதால் ஏப்ரல் முதலாம் திகதி பங்கை வாங்கியதாகக் கணக்குப் போட்டால், நாளைய பேப்பரை வைத்து நேற்று லொத்தர் எடுத்த மாதிரி. பிறகு திருத்தி வெளியிட்ட எண்ணைப் பழைய வருடத்துக்குப் போட்டாலும் அதேதான். நேர்முகத்துக்கு வரும் திறமையான பலர் தடுக்கி விழும் படி இதுவே.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பது ஒரு குறை என்ற தொனி கடிதத்தில் இருந்தது. தரவுக்கும் இணையத்துக்கும் ஊர் கிடையாது. ஊரில் இருப்பதால் கண்ணில் படுகிற விடயங்களும் உண்டு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாய இரசாயனம் விற்கும் கொம்பனிகளின் ஜூன் காலாண்டுக் கணக்கு வர ஓகஸ்ட் ஆகும். நல்ல ஆய்வாளர் அந்தப் பேச்சைக் கேட்டு உடனே "விற்க வேண்டியதுதான்" என்று குதிக்க மாட்டார். களஞ்சியத்தில் பழைய இருப்பு வைத்திருந்தவருக்கு விலையேற்றத்தால் முதலில் இலாபம் வந்திருக்குமா, இறக்குமதியை நம்பி இருந்தவருக்கு எந்தக் காலாண்டில் அடி விழும், இருப்பு நாட்களைக் கொண்டு இந்த இரண்டு பேரையும் பிரிக்கலாமா என்று கேட்பார். சந்தையில் கேட்டது கேள்வியைத் தருகிறது. பதிலைக் கணக்குகளில்தான் தேட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கடுமையாகவே. நீங்கள் கணக்காய்வு நிறுவனத்தில் இருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் வெளியிடப்படாத எண்கள் உங்கள் மடிக்கணினியில் இருக்கும். பட்டியலிடப்பட்ட கொம்பனியின் கிளையாகவோ துணைக் கொம்பனியாகவோ அவர்கள் இருந்தால், அந்தப் பெயர் உங்கள் எந்தப் பயிற்சிக் கோப்பிலும் வரக்கூடாது. "எனக்கு உள்விவரம் தெரியும்" என்று நேர்முகத்தில் பெருமையாகச் சொன்னால் அந்த நிமிடமே வேலை போய்விடும். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் உட்தகவலை வைத்து வியாபாரம் செய்வது குற்றம். வெளிநாட்டு நிறுவனங்களில் இதற்கென்றே ஒரு பிரிவு உங்கள் மின்னஞ்சல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

என்ன செய்யலாம் என்றால், கையால் ஒரு ஆய்வு செய்யுங்கள். கொழும்புச் சந்தையில் பட்டியலிட்டிருப்பவை 300க்குச் சற்றுக் குறைவான கொம்பனிகள். அதிலே மார்ச் ஆண்டு முடிவுள்ள உற்பத்திக் கொம்பனிகள் இருபதை எடுங்கள், உங்கள் வாடிக்கையாளர்கள் தவிர. பங்குச் சந்தை இணையத்தளத்தில் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018 முதல் 2023 வரை தேறிய இலாபம், தொழிற்பாட்டுக் காசு, நாணயமாற்று இலாப நட்டம், குத்தகைக் கொடுப்பனவு, கணக்கு வெளியான உண்மையான திகதி, இவ்வளவையும் உங்கள் கையால் எக்செலில் ஏற்றுங்கள். தரவிறக்கும் நிரல் எழுதலாமே என்று தோன்றும். முதல் தடவை வேண்டாம். எந்தக் கொம்பனி எந்த வருடம் வகைப்படுத்தலை மாற்றியது என்பது கையால் ஏற்றும்போதுதான் உறைக்கும்.

இந்த இருபதை வைத்து "நான் சந்தையை வென்றேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எண்ணிக்கை காணாது. பல பங்குகள் நாட்கணக்கில் கைமாறுவதே இல்லை. தரகும் வரியுமாகச் சாதாரண கொடுக்கல் வாங்கலுக்கு 1.12 வீதம், வாங்கி விற்க 2.24. மாதாமாதம் கைமாற்றும் எந்த உத்தியும் இந்தச் செலவிலேயே கரைந்துவிடும். கொழும்பில் பிரச்சினையைக் கண்டுபிடியுங்கள், சோதனையை அமெரிக்கத் தரவில் செய்யுங்கள். அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் எட்கார் தளத்தில் கொம்பனிக் கணக்குகள் கணினி வாசிக்கும் வடிவில், தாக்கல் செய்த திகதியோடு, காசு கேட்காமல் கிடைக்கின்றன. உங்கள் பைதனுக்கும் அங்கேதான் வேலை. முடிவில் ஆறேழு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: என்ன எதிர்பார்த்தேன், ஏன், என்ன வந்தது, எந்த இடத்தில் என் முடிவு பிழையாக இருக்கலாம். கடைசிப் பகுதியை நீளமாக எழுதுங்கள். சிக்னல் வேலை செய்யவில்லை என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் அந்தப் பகுதியைத்தான் நான் முதலில் திறக்கிறேன்.

நேரே லண்டனுக்கோ நியூயோர்க்குக்கோ போவது நடக்காத காரியமில்லை, ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சி.ஏ. முடிந்ததும் கொழும்பு. வெளிநாட்டு வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் ஆய்வு செய்து கொடுக்கும் அகுயிட்டி போன்ற நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. அதன் பழைய பெயரான அம்பா ரிசேர்ச் என்றால் உங்கள் மேலதிகாரிகளுக்குத் தெரியும். தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள், ஃபிட்ச் ரேட்டிங்ஸ் லங்கா, சந்தைத் தொழில்நுட்பப் பக்கம் விருப்பம் வந்தால் முன்பு மில்லெனியம் ஐ.டி. என்று தொடங்கி லண்டன் பங்குச் சந்தைக் குழுமத்துக்குள் போன நிறுவனம். இரண்டு மூன்று வருடம் அங்கே கொம்பனிகளின் நிதி மாதிரிகள் கட்டிப் பழகினால், ஹைதராபாத், சிங்கப்பூர், லண்டன் விண்ணப்பங்களில் உங்கள் பெயர் வேறு குவியலுக்குப் போகும். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தகைமையான சி.எஃப்.ஏ.யை அப்போது யோசிக்கலாம். ஒரு மட்டத்துக்கே இலங்கைப் பணத்தில் இலட்சக்கணக்கில் வரும். முதலில் அதன் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பியுங்கள், சில முதலாளிமாரும் கட்டணத்தைக் கட்டுவார்கள்.

முதுமாணி ஆசை விடாவிட்டால், வேர்ல்ட்குவாண்ட் பல்கலைக்கழகம் நிதிப் பொறியியலில் கட்டணமில்லாமல் இணையவழி முதுமாணி நடத்துகிறது. சி.ஏ. முடித்த பிறகு, வேலை செய்துகொண்டே செய்யலாம். கடன் எடுத்து வெளிநாட்டில் நிதிக் கணிதம் படிப்பதை உங்கள் நிலைமையில் நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பட்டம் உங்களைக் கொண்டுபோய் விடுவது மேலே சொன்ன நீண்ட வரிசையின் பின்பக்கத்தில்.

அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ரொறன்ரோவில் கனடா ஓய்வூதிய நிதியத்தை முதலிடும் சி.பி.பி. இன்வெஸ்ட்மென்ட்ஸும் ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டமும் இருக்கின்றன. இந்த மாதிரி வேலைகள் அங்கே உண்டு. ஆனால் "முதலில் வா" என்று போய், வந்த வேலையைப் பிடித்து, வீட்டுக் கடன் வாங்கி, பிறகு இந்தப் பக்கம் திரும்பாமலே போனவர்களை நீங்களும் அறிவீர்கள். சி.ஏ.யும் இரண்டு வருட ஆய்வு அனுபவமும் கையில் இருந்தால் போங்கள்.

அம்மாவிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: இந்தத் தொழிலில் நிரந்தரம் கிடையாது. நிதியம் ஒரு மோசமான வருடம் கண்டால் குழுவோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2007 ஓகஸ்டில், சில நாட்களுக்குள், ஒரே மாதிரிச் சிக்னல்களை வைத்திருந்த பல குவாண்ட் நிதியங்கள் ஒன்றாக அடி வாங்கின. வேலையை விட்டால் மாதக்கணக்கில் போட்டி நிறுவனத்தில் சேர முடியாதபடி ஒப்பந்தம் இருக்கும். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும் மாமிக்குக் கூட விவரமாகச் சொல்ல முடியாது. ஆனால் சி.ஏ. கையில் இருந்தால் எது கவிழ்ந்தாலும் யாழ்ப்பாணத்திலேயே ஒரு மேசை உங்களுக்கு இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வங்கி அதற்குப் பிறகும் இருக்கும்.

இனி அந்த ஆட்சேர்ப்பாளர். பதில் போடாமல் ஒரு மாதம் விட்டுவிட்டீர்கள், இன்றைக்கே போடுங்கள். நிறுவனத்தின் பெயர் என்ன, வேலை எந்த நகரத்தில், விசா யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஒரு துறையைப் பின்தொடரும் ஆய்வாளரா, எல்லாக் கொம்பனிக்கும் சிக்னல் தேடும் ஆய்வாளரா என்று கேளுங்கள். முதலாவது என்றால், நன்றாகத் தெரிந்த ஒரு துறையில் இரண்டு கொம்பனிகளைப் பற்றி, ஒன்றை வாங்குவேன், மற்றதை விற்பேன் என்று காரணத்தோடு பேசத் தயாராகுங்கள். இரண்டாவது என்றால், அந்த ஆறேழு பக்கம் முடிந்ததும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். இப்போதே அனுப்பு என்றால் உள்ளதை அனுப்புங்கள், இழக்க ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசாக் கட்டணம் என்று எந்தப் பெயரில் அவர் காசு கேட்டாலும் உரையாடலை அங்கேயே வெட்டிவிடுங்கள். உண்மையான நிறுவனங்கள் விண்ணப்பிப்பவரிடம் காசு வாங்குவதில்லை.